நாலாவது தடவை

லண்டன், 12-11-74

அன்புள்ள அம்மாவுக்கு மகன் சிங்காரம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா? தேவனேரியில் கடல் அடங்கியதா?

நான் டீ போடும் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் நீளமுடிப் பையன்கள் கிதாரோடு புதுமாதிரி இசைத்தட்டு போடுகிறார்கள். தினமும் ஏதாவது விநோதச் சத்தம் தேடுவார்கள். நேற்று என்னிடம் ஊர்ப்பாட்டு கேட்டார்கள். அப்பாவை எடுக்கும்போது வர முடியாதவனுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. நீ மாமாவுக்கு வைத்த ஒப்பாரியில் அண்ணே என்று வரும் இடத்தில் அப்பாவை வைத்துப் பாடினேன். "இன்னாடா, ஆம்பள ஒப்பாரி வெப்பானா?" என்று திட்டாதே.

நாலு தடவை பாடச் சொன்னார்கள். மூன்றாவது ஜோராக வந்ததாம், தட்டில் அதுதான் வரும். நாலாவதில் அழுதுவிட்டேன். கெட்டுப்போனது என்று அதை மட்டும் அழித்துவிட்டார்கள்.

டீ கேட்கிறார்கள், போகிறேன். மகாபலிபுரம் போஸ்டாபீஸில் அப்பா சட்டை ஒன்றைப் பார்சல் போடு. துவைக்காதே.

சிங்காரம்