பின்சக்கரத்து ஷாக் அப்சார்பர்

4.2.1963

இன்று மீன்பாடு நல்லபடி. பிக்கப் வண்டி மீமிசலிலிருந்து கூடைகளை ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிச் சந்தைக்குப் போய்த் திரும்பிவிட்டது. வீட்டுக்காரர் இறந்த பிறகு வண்டித் தொழிலை நானே பார்க்கிறேன், ஓட்டுவது கண்ணுசாமி.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது சொன்னான். "அம்மா, பின்னாடி ஷாக் அப்சார்பர் ரெண்டும் போச்சு. வண்டியோட வந்தது, எம்புட்டு நாளைக்குத் தாங்கும்? எண்ணெய் ஒழுகுது. பள்ளத்துல எறங்குனா பின்பக்கம் துள்ளிக்கிட்டே இருக்கு."

மாற்றத் திருச்சிக்குத்தான் போகவேண்டுமாம். சாமான் கிடைக்கும் வரை வண்டி அங்கேயே கிடக்கும். சீசன் முடியட்டும் என்றேன்.

13.2.1963

மறுபடியும் அதே பேச்சு. எரிச்சலில், "ஒனக்குத் திருச்சி பாக்கணும்னா நேரா கேளு, வண்டி மேல ஏன் பழி போடுறே?" என்று சொல்லிவிட்டேன். வாளியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

அதிகமாகப் பேசிவிட்டேனோ?

22.2.1963

எழுத வரவில்லை.

ஆவுடையார்கோயில் பக்கம் ரோட்டுப் பள்ளத்தில் வண்டியின் பின்பக்கம் தூக்கிப் போட்டிருக்கிறது. கூடைகளோடு பின்னால் உட்கார்ந்து போன மீன்காரி இருளாயி கீழே விழுந்துவிட்டாள். கால் எலும்பு முறிவு. சேதி கேட்டு பஸ் பிடித்து அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அவள் புருஷன் பிச்சைமுத்து, கண்ணுசாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "என்னடா அவசரம் ஒனக்கு? பறந்தியாடா?"

கண்ணுசாமி என்னைப் பார்த்தான். நான் உண்மையைச் சொல்வேன் என்று நம்பித்தான் பார்த்தான்.

நான் என்ன சொன்னேன்? "மெதுவா ஓட்டுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லும்படி அவன் ஓட்டியதே இல்லை. அவ்வளவு பேர் முன்னால் எப்படி அது என் வாயில் வந்தது — பயமா? பிச்சைமுத்து அவனை அறைந்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

23.2.1963

சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கண்ணுசாமி போய்விட்டான்.

2.3.1963

புது டிரைவர் வீரய்யாவோடு திருச்சிக்குப் போய், ஷாக் அப்சார்பர்களை மாற்றிக்கொண்டு வந்தாயிற்று. சீசன் இன்னும் முடியவில்லை. இப்போது மட்டும் வண்டியை நிறுத்த முடிந்ததே, அது எப்படி?

கழற்றிப் போட்டதில் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தேன். தடையே இல்லை, சும்மா உள்ளே போனது. புதியதை, மாட்டுவதற்கு முன், இரண்டு கையாலும் ஊன்றி அழுத்தினேன். மெல்ல, முரண்டு பிடித்துத்தான் இறங்கியது. இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் அவன் சொன்னான்.

வரும் வழியில் அதே பள்ளம். வண்டி இறங்கி ஏறி அடங்கிவிட்டது. "நல்ல வண்டிம்மா" என்றான் வீரய்யா. முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

9.3.1963

இருளாயியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். கண்ணுசாமி மேல் தப்பில்லை, வண்டியில்தான் கோளாறு, அவன் சொல்லியும் நான் கேட்கவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும் தாயி. வண்டி மெதுவாத்தான் போச்சு. பின்னாடி இருந்தவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் நீ சொல்லல?"

"நீங்க ஒண்ணு சொல்லயில நான் வேற சொன்னா, பெறகு என்னைய ஏத்துவீங்களா? ஒங்க வண்டிய விட்டா கூடையத் தூக்கிக்கிட்டு எதுல போவேன்?"

காலும் முறிந்து, என் பொய்யையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

கரையிலிருந்து பிச்சைமுத்து வந்தான். அவனிடமும் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தபடி, "அந்த மனுசனை அடிச்சுப்புட்டேனே" என்றான்.

11.3.1963

கண்ணுசாமி வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னோடது கண்ணுசாமி. நீ வந்து வண்டிய எடு."

"ஷாக்க மாத்தியாச்சாம்மா?"

"மாத்தியாச்சு."

"நல்லது. இருளாயி அக்கா எப்படி இருக்கு?" வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றேன். "நான் ரைஸ் மில் லாரி ஓட்ட வாரேன்னு சொல்லிட்டேம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

30.4.1963

இருளாயி கம்பு ஊன்றி நடக்கிறாளாம். இனி முன்சீட்டில்தான் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

6.6.1963

அறந்தாங்கிக்கு வண்டியிலேயே போயிருந்தேன். இருளாயி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். காலைச் சற்று இழுத்துத்தான் நடக்கிறாள்.

சந்தைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் கண்ணுசாமியும் பிச்சைமுத்துவும் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிச்சைமுத்து அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டானாம், இருளாயிதான் சொன்னாள். கிட்டே போனேன். இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்று இடம் விட்டான் கண்ணுசாமி. டீயும் சொன்னான். குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

நான் குடித்து முடிக்கும் வரை இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். வண்டிக்குத் திரும்பி ஏறிய பிறகுதான் பின்னால் அந்தச் சிரிப்பு மறுபடி கேட்டது.