முப்பது பர்சென்ட் நைட்ரோவும் நாலு எலுமிச்சம்பழமும்

பெரிய மெக்கானிக் பிரசாத் அவர்களுக்கு,

என் ரிமோட் காருக்குப் புது பிஸ்டன் வாங்க சென்னைக்குப் போறேன். சாம்பார் ஃபிரிட்ஜ்ல இருக்கு. வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு பாஞ்சாலை அக்காகிட்ட குடுங்க.

இருபது பர்சென்ட் நைட்ரோ கலந்த ஃப்யூயலுக்கு நான் செட் பண்ண எஞ்சின் அது. அதுல முப்பது ஊத்தினா, கார்புரேட்டர்ல இருக்குற நீடில் ஸ்க்ரூவ திறந்து ஃப்யூயல ஜாஸ்தி விடணும். இல்லன்னா சூடேறி பிஸ்டன் ஜாம் ஆயிடும். நீங்க என்ன பண்ணீங்க? முப்பத ஊத்திட்டு, நீடில தொடவே இல்ல. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, திறந்திருந்த ஃப்யூயல் கேன் பக்கத்துலயே கற்பூரம் கொளுத்துனீங்க. அண்ணாமலையார் புண்ணியத்துல வீடு தப்பிச்சுது, எஞ்சின் தப்பிக்கல.

இதுல உங்க அண்ணன்கிட்ட, "ட்யூனிங்லாம் நான்தான், அவ சும்மா ஓட்டுவா"னு பெருமை வேற!

சாயந்திரம் அவர் வராரு. ஜாம் ஆன அந்த பிஸ்டன டீப்பாய் மேல, வெத்தல தட்டுல வெச்சிருக்கேன். யார் கைவேலைன்னு நீங்களே சொல்லிடுங்க.

கீர்த்தனா

எஞ்சின தொட்டு சுட்டுக்கிட்ட கைக்கு மருந்து ஃபிரிட்ஜ் மேல இருக்கு. டூத்பேஸ்ட் தடவி அதையும் கெடுத்துக்காதீங்க.

பிஸ்டன ஒளிச்சு வெக்கலாம்னு பாக்காதீங்க. உங்க அண்ணனுக்கு நேத்தே போட்டோ அனுப்பிட்டேன். அவர் வர்றதே அத பாக்கத்தான்.