ஒன்ராறியோ கோண்டாவிலைக் கடந்த நாள்

கோண்டாவில்,
செவ்வாய்க்கிழமை பின்னேரம்.

மதிப்புக்குரிய சிவகரன் அவர்களுக்கு,

உங்கள் மனைவி உதயகலா எழுதிக்கொள்வது. நானும் மாமியும் இங்கே சுகம். நல்லூரான் புண்ணியத்தில் நீங்களும் கட்டார் வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உங்களை "அவர்கள்" போட்டு எழுதியிருக்கிறேன் என்றால் எனக்குக் கோபம் என்று உங்களுக்கு விளங்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாமியின் கால் வீக்கத்தைப் பற்றி உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கதையில் கொக்குவில் பக்கமாக ஹோர்ன் கேட்டது. உடனே நீங்கள், "பொறு கலா, கதையாதை, கேப்பம்" என்றீர்கள். ரயில் போய் முடியும்வரை நான் போனை யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். பிறகு என்ன எஞ்சின் என்று கேட்டீர்கள், எத்தனை பெட்டி என்று கேட்டீர்கள். உங்கள் அம்மாவின் காலுக்கு என்ன ஆனது என்று இந்த நிமிடம்வரை கேட்கவில்லை. வீக்கம் வற்றிவிட்டது, மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்தோம். கடிதத்துக்குக் குறுக்கே ரயில் வராது, அதுதான் எழுதுகிறேன். முன்வீட்டுச் சுரேஸ் வெள்ளிக்கிழமை திரும்பவும் கட்டாருக்கு வெளிக்கிடுகிறான். மிளகாய்த் தூளோடும் பருத்தித்துறை வடையோடும் இதையும் அவன் கையில் கொடுத்துவிடுவேன்.

வீட்டு வேலை முடிந்துவிட்டது. வெளிப் பூச்சும் ஆயிற்று. இனி இந்த வீட்டுக்கு என்று நீங்கள் அங்கே கிடந்து காய வேண்டிய தேவை இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது, வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. ஊரெல்லாம் வெளிநாட்டுச் சனம். கோயிலில் பார்க்கிற பெண்கள் எல்லாரும் அவரவர் புருசனைக் காட்டி, "இவர் இப்பதான் வந்தவர்" என்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, "சிவகரன் வரேல்லையோ?" என்று கேட்கிறார்கள். தை பிறக்க வந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் ரயில் பைத்தியத்தோடு நான் ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. கலியாணம் முடிந்து என்னை முதன்முதல் கூட்டிக்கொண்டு போனது கிளிநொச்சிக்கு, யாழ்தேவி ரயிலில். போகும்போதும் வரும்போதும் நீங்கள் வாசற்படியில் தொங்கிக்கொண்டு நின்றீர்கள், நான் பட்டுச் சேலையோடு முன்பின் தெரியாத ஒரு ஆச்சிக்குப் பக்கத்தில் இருந்தேன். இந்த வீட்டைக் கட்டும்போது குசினிக்கு அவ்வளவு பெரிய யன்னல் வைத்தீர்கள். எனக்குக் காற்று வர வேண்டும் என்றுதான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன். குடிபுகுந்த பிறகுதான் அது ரயில் வளைவைப் பார்த்து வைத்த யன்னல் என்று கண்டுபிடித்தேன். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த முருங்கையையும் ரயிலை மறைக்கிறது என்று தறித்தீர்கள். நான் பேசாமல் இருந்தேன்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். நானும் இணுவிலில் அந்தப் பாதைக்குப் பக்கத்தில்தான் வளர்ந்தேன். தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை, எல்லாம் சண்டைக் காலத்தில் பங்கர் கட்டப் போய்விட்டன. நாங்கள் ரியூசனுக்குச் சைக்கிள் ஓடிய ஒழுங்கைதான் அது. ரயில் இல்லாத ரயில் பாதையில் வளர்ந்த பிள்ளைக்கு, மீசை முளைத்த பிறகு ரயில் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

நீங்கள் அங்கே போன பிறகு நான்தான் உங்கள் கண். வளைவு வடிவாகத் தெரிகிற இடத்துக்கு அடையாளமாக நீங்கள் போட்டுவிட்டுப் போன சீமெந்துக் கல்லில் ஏறி நின்று மழையிலும் வெயிலிலும் வீடியோ எடுத்து அனுப்பினேன். அதை நீங்கள் உங்கள் ரயில் ரசிகர் குழுவில் போட்டீர்கள், என்னையும் குழுவில் சேர்த்தீர்கள். ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று நான் கடைசிப் பெட்டிக்கு முதல் ஓடிவிட்டேன். அதற்கு நீங்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "வால் எங்கை கலா?" என்று போட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அதே நாள் ஆரபி என்கிற பிள்ளை நாவற்குழிப் பாலத்தில் எடுத்த வீடியோவைப் போட்டாள். அதற்கு "அருமை ஆரபி, என்ன கண் உங்களுக்கு!" என்று எழுதினீர்கள். அவளுடைய ரயிலுக்கு வால் இருந்தது, உண்மைதான். அன்றைக்கே நான் குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நேற்றுப் போன் எடுக்கிறீர்கள், "ஒன்ராறியோ வருதாம்" என்று மூச்சு வாங்கச் சொல்கிறீர்கள். ஒன்ராறியோ என்று பேர் வைத்த அந்தப் பழைய கனடா எஞ்சினை நினைத்து நீங்கள் சொல்கிற பகிடி எனக்கு மனப்பாடம்: எங்கடை சனம் முழுக்க ஒன்ராறியோவுக்குப் போகுது, ஒன்ராறியோ ஒருக்கா எங்கடை வாசலுக்கு வரட்டும். பாதை வேலைக்குக் கல் ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு வியாழக்கிழமை காங்கேசன்துறைக்குப் போகிறதாம். சரி, நான் எடுக்கிறேன் என்று சொல்ல வாய் திறக்க முதல், "ஆரபி வருவா. எங்கடை கல்லை அவவுக்குக் காட்டிவிடு" என்றீர்கள்.

எங்கடை கல். அதில் நான் நின்று நின்று என் செருப்புத் தேய்ந்துவிட்டது. அவளை நிற்கச் சொல்லி என்னிடமே சொல்கிறீர்கள். அவள் உங்களை "அண்ணை" என்று கூப்பிடுகிறாள், எனக்கும் தெரியும். அதற்காக என் வயிறு எரியாமல் இருக்குமா? எரிகிறது. வெளிப்படையாகவே எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை.

மிச்சத்தை இப்போதுதான் எழுத முடிந்தது. ஆரபி காலமை ஸ்கூட்டியில் வந்தாள். கொக்குவில் பிள்ளை, நெல்லியடியில் ஒரு ரியூசன் சென்ரரில் கணிதம் படிப்பிக்கிறாள். முகத்தில் பவுடர்கூட இல்லை, கழுத்தில் ஒரு பெரிய கமரா. வடிவான பிள்ளைதான், மறைத்து என்ன பயன்?

நான் ஒரு வேலை செய்தேன். அவள் வர முதல் அந்தச் சீமெந்துக் கல்லைப் புரட்டிக் கொண்டுபோய்க் கிணற்றடிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். அவளுக்குப் பக்கத்து வளவுத் தென்னை மறைக்கிற மூலையைக் காட்டி, இதுதான் இடம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அங்கே போய் நின்றாள். நான் தேத்தண்ணீர் ஊற்றிப் பனங்கட்டியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், பிள்ளை சரியாக உங்கள் இடத்தில் நிற்கிறாள். புல்லில் கல்லிருந்த அச்சு வெளுத்துப்போய்க் கிடந்ததாம். "இதிலை நிண்டுதானே அக்கா நீங்கள் எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சரக்கு ரயிலை யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் மறித்துவைத்திருப்பதாக அவளுக்குச் செய்தி வந்தது. காத்திருந்தோம். அவள் கதைத்தது முழுக்க ரயில்தான். ஹோர்னை வைத்தே எஞ்சினைச் சொல்லுகிறாள். உங்களைப் பற்றிக் கதைக்கும்போதும் ரயிலைப் பற்றித்தான் கதைத்தாள். அவளுக்கு நீங்கள் ஒரு ஆம்பிளையாகவே தெரியவில்லை, கட்டாரில் நிற்கிற இன்னொரு ரயில் பைத்தியம், அவ்வளவுதான். இதைப் பார்த்த பிறகு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. ஒரே பொருளை நீங்கள் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பார்க்கிறீர்கள். உங்களோடு அப்படி நின்று பார்க்க எனக்கு இதுவரை வாய்க்கவில்லையே என்றுதான் இருந்தது.

அப்போதுதான் அவள் சொன்னாள்.

"அண்ணை இன்னும் ரெண்டு வருசம் அங்கை நிக்கப் போறன் எண்டு குழுவிலை சொன்னவர். பாவம், அதாலைதான் எப்பிடியாவது ஒன்ராறியோவை அவருக்கு எடுத்துக் குடுக்கவேணும் எண்டு எல்லாருமாத் திரியிறம்."

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றேன்.

முன்பின் கண்டிராத அத்தனை பேருக்கும் தெரியும். உங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்று உங்கள் குசினிக்குள் நிற்கிற எனக்குத் தெரியாது. எனக்கு எப்போது சொல்வதாக இருந்தீர்கள்? தை பிறந்த பிறகா? அல்லது நான் சொல்லத் தொடங்கும்போது ஹோர்ன் கேட்கிற மாதிரி, நீங்கள் சொல்லத் தொடங்கும்போதும் ஏதாவது குறுக்கே வந்ததா? அந்தப் பிள்ளையில் எனக்கு இருந்த எரிச்சல் எல்லாம் அந்த இடத்திலேயே உங்கள்மேல் திரும்பிவிட்டது. இதை அவளுக்குச் சொல்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

ரயில் வரவில்லை. பின்னேர வகுப்புக்கு நேரமாகிறது என்று ஆரபி அரைமனதோடு வெளிக்கிட்டாள். ஸ்கூட்டியில் ஏறிய பிறகு திரும்பி, "அக்கா, வந்தால் நீங்கள் எடுங்கோ. வாலையும் சேத்து எடுங்கோ" என்றாள். என் வால் நெல்லியடிவரை பேர் எடுத்திருக்கிறது.

அவள் போய், நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கொக்குவில் பக்கம் ஒரு ஹோர்ன். யாழ்தேவியின் சத்தம் இல்லை, மற்றதுகளின் சத்தமும் இல்லை. நானும்தான் இவ்வளவு காலமாக இந்த யன்னலில் நிற்கிறேன், எனக்கும் தெரியும். துருவலையை விட்டுவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல் இல்லாத இடத்தில் கல்லில் நிற்கிற மாதிரி எக்கி நின்றேன்.

வளைவால் வந்தது. அழுக்குப் பிடித்த எஞ்சின், நெற்றியில் ஒற்றைப் பெரிய லைற். பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒன்ராறியோ என்று எழுதியிருக்கிறது, வாசித்தேன். நிலம் கால் வழியாக அதிர்ந்தது. கல் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தூசியைக் கொட்டிக்கொண்டு போயின. கடைசிப் பெட்டியில் கார்ட் நின்றார், பச்சைக் கொடியை என்னைப் பார்த்து ஆட்டினார். அது கோண்டாவில் ஸ்ரேசன் பக்கம் மறையும்வரை நான் அசையவில்லை. இந்த முறை வால் இருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. வடிவாக இருந்தது என்பதால்தான். நீங்கள் ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மாமி நொண்டி நொண்டிக் குசினி வாசலுக்கு வந்து, "ஆரைப் பிள்ளை கூப்பிட்டனி?" என்று கேட்டார். நான் ஒருவரையும் கூப்பிடவில்லையே என்றேன். "கூப்பிட்டனி, எனக்குக் கேட்டது" என்றார். மாட்டைக் கூப்பிட்டிருப்பேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் வளைவுக்குள் வருகிற நேரம் படம் ஒருதரம் ஆடுகிறது. நான் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறேன் போல. என் குரல் கேட்கிறது, தொண்டை கிழியக் கத்துகிறேன்:

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, வந்திட்டுது!"

புருசனைக் கூப்பிடுகிற மாதிரி மாட்டை யாராவது இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவார்களா? மாமிக்கும் அது தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அரைத் தேங்காயை எடுத்துத் தானே துருவினார்.

வெள்ளிக்கிழமை காலமை.

சுரேஸ் சாமான்களை எடுக்க வரப்போகிறான். தூளை இரண்டு பொலித்தீனில் சுற்றியிருக்கிறேன், பிரித்தவுடன் போத்தலில் போடுங்கள். வடையை அறையில் இருக்கிற பொடியன்களுக்கும் கொடுங்கள்.

ஆரபி நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து வீடியோவைக் கேட்டாள், ரயில் வந்த நேரம் போனில் சார்ஜ் இல்லாமல் போய்விட்டது என்றேன். நீங்கள் எடுத்தபோதும் அதையே சொன்னேன். எவ்வளவு கவலைப்பட்டீர்கள்! பொய்தான் சொன்னேன். ஒன்ராறியோ என்னிடம் இருக்கிறது, தலையிலிருந்து வால் வரைக்கும். குழுவுக்கும் அனுப்பமாட்டேன், ஆரபிக்கும் அனுப்பமாட்டேன், உங்களுக்கும் அனுப்பமாட்டேன். அந்தக் குரலை நாலு பேர் கேட்டுச் சிரிக்க நான் விடமாட்டேன். அது உங்களுக்கு மட்டும். அதுவும் போனில் பார்ப்பதற்கு இல்லை, இந்த யன்னலுக்குப் பக்கத்தில் என்னோடு நின்று பார்ப்பதற்கு.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கேட்கமாட்டேன். போடாமல் இருந்தால் பேனையை மூடி வையுங்கள். போட்டிருந்தாலும் அவர்களிடம் என்ன சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், மனைவி பொல்லாதவள் என்று சொன்னாலும் பரவாயில்லை. கல்லைத் திரும்பவும் பழைய இடத்தில் புரட்டி வைத்துவிட்டேன். அதில் இரண்டு பேர் நெருங்கி நிற்கலாம், நான் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உச்சி வெயிலில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள். முருகன் உங்களை ஒரு நோய்நொடி அணுகாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். உங்களைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்து நான் கூப்பிடவில்லை. உள்ளே இருக்கிறீர்கள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். ஓடி வாங்கோ.

"அவர்கள்" இல்லாமல்,
உங்கள்
கலா