அக்கா அனுப்பிய தூக்குச்சட்டி

ஜனவரி 21, இரவு. ஆரப்பாளையம் லாட்ஜ்.

இந்த மாதத்தில் மதுரை வெயில் உறைக்கவில்லை. கோயில், மஹால் எல்லாம் நடந்தே பார்த்தேன். சிம்மக்கல்லில் அக்காவின் கணவர் எதிரே வந்துவிட்டார்.

"எப்ப மாப்ள வந்த?"

"நேத்து, மாமா. ஆரப்பாளையத்துல ரூம் போட்டிருக்கேன்."

"ஏன், நாங்க ஊருல இல்லையா?" என்றார். "எந்த லாட்ஜுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

சொன்னேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றுதான் அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தபோது ரிசப்ஷனில் தூக்குச்சட்டி இருந்தது. கறிச்சோறு. உப்பு ஒரு கல் தூக்கல், அக்கா கைதான். சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்த்தேன்.

ரிசப்ஷனிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. சீனியாவது போட்டு நான்தான் கொண்டுபோக வேண்டும்.

தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள்.