பன்னிரண்டாவது படம்

ஜூன் 2

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேனென்கிறது. போனில் சொல்லலாமென்றால் உன் தங்கை காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள்.

அவளுக்கு, நம் வீட்டு மேனேஜரம்மாவுக்கு, இந்த மாதத்தோடு பள்ளி முடிகிறது. பத்தொன்பது வயதுக்கு மேல் அந்தச் சிறப்புப் பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்க இவளை ஒரு மாதம் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மடிப்பில் குறையே கிடையாது. ஓரம் உள்ளே போகும்படி மூன்றாக மடித்து அவள் அடுக்கினால் அளவுகோலே வெட்கப்படும். ஆனால் அங்குள்ள சூப்பர்வைசரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "தனியா வரணும், தனியா போகணும். அம்மா வந்து வாசல்ல நின்னா சரிப்படாதுங்க."

இவளுக்கு வாசிக்க வராது என்பதால் டீச்சர் வழி முழுவதையும் பதினொரு படங்களாக்கிக் கொடுத்தார். பூட்டு, நிறுத்தம், ஒன்பதாம் நம்பர் பஸ், அதன் முன்வாசல், இறங்க வேண்டிய தண்ணீர்த் தொட்டி. நம் ஜெராக்ஸ் கடையிலேயே லேமினேஷன் போட்டு, வளையத்தில் கோத்துப் பையில் மாட்டிவிட்டேன். ஒன்று முடிந்ததும் படத்தைத் திருப்பிவிட்டு அடுத்ததைச் செய்கிறாள். டீச்சர் முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து போனார். இந்த வாரம் மூன்று சீட் பின்னால். எட்டாம் தேதி திங்கட்கிழமையிலிருந்து யாரும் இல்லை.

நீ என்ன சொல்கிறாய்?

அம்மா

*

ஜூன் 5

அன்புள்ள அம்மா,

நீ கேட்டது ஒரு கேள்வி. என்னிடம் நாற்பது இருக்கின்றன. கூட்டம் நெருக்கினால்? ஒன்பதாம் நம்பர் அன்றைக்கு வராமலே போனால்? பக்கத்தில் உட்காருகிறவன் ஒரு மாதிரியானவனாக இருந்தால்? இதற்கெல்லாம் டீச்சர் படம் போட்டிருக்கிறாரா?

நான் சொல்வதைக் கேள். நீ பின்னாலேயே போ. அவள் முன்வாசலில் ஏறட்டும், நீ பின்வாசலில் ஏறு. அவளுக்குத் தெரியக் கூடாது. டீச்சரிடமும் மூச்சு விடாதே. அவருக்கு இது பாடம், நமக்கு அவள்.

என் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. பதிப்பகத்தில் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இந்த அறைக்கு வந்து இரண்டு வருடமாகிறது, ஒரு திரைச்சீலைகூட வாங்கவில்லை என்று வீட்டுக்காரம்மா கேலி செய்கிறார். ஒரு பெட்டியோடு எந்த நேரமும் கிளம்பிவிடலாம் என்பது எனக்கு ஏனோ வேண்டியிருக்கிறது. ஒரு வரி எழுது, வந்துவிடுகிறேன்.

உன் பெரியவள்

*

ஜூன் 17

அன்புள்ள பெரியவளுக்கு,

நீ சொன்னபடியே நடக்கிறது. கறுப்புக் கண்ணாடி, தலையைச் சுற்றி ஒரு துணி, முகத்துக்கு மறைவாக நீ விட்டுப்போன பூப்போட்ட குடை. நிறுத்தத்தில் நான்கு பேருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நிற்கிறேன். நேற்று நடத்துனர், "என்னம்மா, சி.ஐ.டி. வேலையா?" என்று கேட்டே விட்டார்.

அவள் தண்ணீர்த் தொட்டியில் சரியாக இறங்குகிறாள். நான் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்து கடையைத் திறக்கிறேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் பார்த்துக்கொள். பெற்றவளுக்கு அது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஏறும்போது மட்டும் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறாள். "ஏறும்மா, உனக்காக ரோடே நிக்குது" என்று டிரைவர் கத்துகிறார். பயமாக இருக்கும், பாவம்.

சூப்பர்வைசரம்மாவுக்கு இவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கிழிந்த துண்டைத் தனியே எடுத்து வைத்து, "இது வேணாம், மாத்து" என்று அவரையே அதிகாரம் செய்கிறாளாம்.

இன்னொன்று. போன வாரம் ஒரு குடை வரைந்து கொண்டுவந்து, அதற்கும் லேமினேஷன் கேட்டாள். மழைக்கு இப்போதே யோசிக்கிறாள் பார்! போட்டுக் கொடுத்தேன். அவளே வளையத்தில் கோத்துக்கொண்டாள்.

அம்மா

*

ஜூன் 24

பெரியவளே,

இன்று எனக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. இத்தனை நாள் போனவள்தானே, ஒரு நாளில் என்ன என்று படுத்துவிட்டேன்.

பதினொரு மணிக்குச் சலவைக்கூடத்திலிருந்து போன். அவள் வரவில்லை. டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்தபோது நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தாளாம். அங்கே பேப்பர் விற்கிறவர் சொல்லியிருக்கிறார், ஒன்பதாம் நம்பர் ஆறு தடவை வந்து போனதாக. "ஏன் ஏறல?" என்று டீச்சர் கேட்டதற்கு, "அம்மா இன்னும் வரல" என்றிருக்கிறாள்.

வளையத்தை நான் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். பஸ் படத்துக்கும் முன்வாசல் படத்துக்கும் நடுவில் அந்தக் குடை இருக்கிறது. குடை முழுக்கப் பூ. என் கையாலேயே லேமினேஷன் போட்டிருக்கிறேன், பூவைக் கவனிக்கவில்லை.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா இல்லாம ஏறக் கூடாதுன்னு நீங்களே பாடம் நடத்திட்டீங்களேம்மா" என்றார். திங்கட்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு. அன்றும் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

குடைப் படத்தைக் கழற்றப் பார்த்தேன். வளையத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தரவே மாட்டேனென்கிறாள்.

அம்மா

*

ஜூன் 27

அன்புள்ள அம்மா,

உன் மேல் தவறில்லை. குடையும் என்னுடையது, யோசனையும் என்னுடையது. டீச்சர் சீட் சீட்டாகப் பின்வாங்கிக் கொடுத்த இடத்தில், இத்தனை தூரத்திலிருந்து நான் உன்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். அடுத்தவர் எழுத்தில் பிழை பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. என் கடிதத்தை நான் இரண்டாவது முறை படிக்கவில்லை.

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். ஐந்தாம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. வந்தபின் நான் அவளோடு பஸ்ஸில் போகிறேன், சலவைக்கூடம் இல்லையென்றால் வேறு ஏதாவது பார்க்கிறேன். வேண்டாமென்று எழுதாதே. இங்கே இருந்துகொண்டு வேளாவேளைக்குப் பயப்படுவதைவிட அங்கே வந்து பயப்படுவது மேல்.

உன் பெரியவள்

*

ஜூன் 30

அன்புள்ள பெரியவளுக்கு,

முதலில் சேதி: நேற்று போனாள். தனியாக.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வந்திருந்தார். "படத்தைப் பிடுங்காதீங்க, நடந்ததைச் சொல்லிடுங்க" என்றார். அவளை எதிரே உட்காரவைத்து, "பஸ்ல அம்மா ஒளிஞ்சு வந்தது தப்பு. நாளைக்கு வர மாட்டேன். நீ பயப்படாம போகணும்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு என்ன பயம்?" என்றாள். "நீதான் மெதுவா வரே. கண்ணாடி வேற போட்டுக்கிட்டுத் தடுமாறுறே. விட்டுட்டுப் போனா அழுவே. அதான் டிரைவரை நிக்கச் சொல்வேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு மேலாக நான் அவளைக் கூட்டிப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். படியில் நின்று அவள் என்னை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நிஜமா நீ வரலையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அழ மாட்டியே?" மாட்டேன் என்றேன். வளையத்தைத் திறந்து குடையைக் கழற்றி என் கையில் கொடுத்து, "அப்ப கடையைத் திற" என்றாள்.

திறந்தேன். காலை ஏழு மணிக்கு ஜெராக்ஸ் எடுக்க யார் வருவார்கள்? வெள்ளைத் தாளை வைத்து வெள்ளைத் தாளாகவே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். எட்டே காலுக்குச் சூப்பர்வைசரம்மா போன் செய்தார். "வந்துட்டா. வந்ததும் வராததுமா என் மேசையை அடுக்குறா." இன்றும் போயிருக்கிறாள். என் கால்தான் இன்னும் நிறுத்தத்துக்கே நடக்கிறது. பழகிக்கொள்வேன்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. லீவு போட்டு வா, நாலு நாள் இரு. ராஜினாமாவோடு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். இந்த உறையில் குடைப் படத்தை வைத்திருக்கிறேன். நீ வைத்துக்கொள்.

நீ கையெழுத்துப் போடாமலே நின்றதையும், வேலையை விட்டுவிட்டு வரப்போவதையும் மேனேஜரம்மாவிடம் சொன்னேன். "அக்கா யாருக்காக நிக்கிறா?" என்று கேட்டாள்.

"யாருக்காகவும் இல்ல" என்றேன்.

"அப்ப ஏறச் சொல்லு" என்றாள்.

அம்மா