முதல் கணக்கு: உம்மு ஹாஸிம்

1999 பிப்ரவரி 3, புதன்

இப்படி எழுதுவதற்கு முதலில் என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் எல்லாம் பேசிவிடுவாள் என்று நினைக்கிறார்கள். எனக்குப் பேச வராது, அதனால் இந்த நாட்குறிப்பு.

எங்கள் வங்கி மேலாளர் வக்தி ஐயா, எல்லாருக்கும் உஸ்தாத், கூப்பிட்டார். "இன்திஸார், சரித்திரம் படிச்சவ நீதான். நம்ம வங்கியோட கதையை எழுது. முப்பத்தஞ்சாவது வருஷ விழாவுல ஊருக்கே குடுக்கணும்."

ஊருக்கே!

பிப்ரவரி 10

முதல் பதிவேடு கிடைத்தது. முதல் கணக்கு ஒரு பெண்ணுடையது! "உம்மு ஹாஸிம்" — பக்கத்தில் ஒரு கைநாட்டு. ஹாஸிமின் தாய். அவ்வளவுதான். பெண்ணின் சொந்தப் பெயர் யாருக்கு வேண்டும் இந்த ஊரில்? வங்கியை யாரும் நம்பாத காலத்தில் முதலில் உள்ளே வந்தவள்.

பிப்ரவரி 13

ஊரில் இருக்கும் ஒரே ஹாஸிம், ரொட்டிக்கடை ஹாஜி. போய்க் கேட்டேன்.

"கடைத்தெருவுல நின்னுக்கிட்டு என் அம்மா பேரைக் கேக்குறியே பொண்ணே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல இங்கே வெட்கம்; பிறகு மாவுக் கையோடு ஒரு தாளில் எழுதித் தந்தார்: நஃபீஸா. "எங்கம்மாவா முதல் ஆளு? என்கிட்ட சொல்லவே இல்லையே!" கண் கலங்கிவிட்டது அவருக்கு.

பிப்ரவரி 24

முதல் கணக்கு நஃபீஸா என்று எழுதி முடித்தேன். கைப்பிரதி தன்தா நகரத்து அச்சகத்துக்குப் போய்விட்டது.

மார்ச் 1, திங்கள்

ஒரு வயதான அம்மா என் மேசைக்கு வந்தார்.

"ரொட்டிக்காரன் ஊரெல்லாம் பெருமையடிக்கிறான். பாவம், அவங்கம்மா இந்த வாசலையே மிதிச்சதில்லை."

துணி முடிச்சிலிருந்து பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்தார். எண் ஒன்று.

"அப்போ உங்க மகன் ஹாஸிம்..."

"அவன் பிறக்கவே இல்லை, கண்ணு. என் மாமனார் பேரு அது. பிறக்கப்போற பேரனுக்கும் அதுதானேன்னு கல்யாணத்தன்னிக்கே எல்லாரும் அப்படிக் கூப்பிட்டாங்க. நானும் திரும்பிப் பார்த்துப் பழகிட்டேன்."

பெயர் தவ்ஹீதா.

எனக்கு ஏன் தோணலை? பிள்ளை இல்லாத என் சித்தியையே அப்படித்தானே கூப்பிடுறோம்! தப்பு என்னோடது. அச்சாகிட்டா அதுதான் கடைசிவரைக்கும் நிக்கும். உஸ்தாத்கிட்ட நாளைக்குச் சொல்லலாமா? நாளைக்குன்னா —

மாலை

சொல்லிவிட்டேன். குரல் எங்கிருந்து வந்ததோ. "நேத்தே அடிச்சிருப்பானே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டு அச்சகத்துக்குத் தொலைபேசினார். பிறகு நாற்காலியில் அப்படியே சாய்ந்தார்.

"காகிதம் இன்னும் வரலையாம். வாழ்க்கையில முதல் தடவையா ஒரு தாமதத்துக்கு நன்றி சொல்றேன்."

மார்ச் 2

ஹாஜியிடம் நானே போய்ச் சொன்னேன். முறைப்பார் என்று நினைத்தேன், சிரித்தார். "அப்பாடா! எங்கம்மா என்கிட்டயே மறைச்சுட்டாளேன்னு ரெண்டு வாரமா மனசே சரியில்லை." சூடாக ஐந்து ரொட்டி கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மார்ச் 4, வியாழன்

திருத்திய பக்கத்தைத் தவ்ஹீதா அம்மாவின் வீட்டுக்கே கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். "முதல் கணக்கு: தவ்ஹீதா." உம்மு ஹாஸிம் என்பதை எடுத்துவிட்டிருந்தேன். ஒருத்திக்கு அவள் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்குள் பெருமை.

நன்றாக இருக்கிறது என்றார். தேநீர் கொடுத்தார். என் அம்மாவை விசாரித்தார். நான் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் மெல்லக் கேட்டார்:

"உம்மு ஹாஸிம்ங்கிறதையும் பக்கத்துலயே போட்டுடேன், கண்ணு. உங்க வங்கி நோட்டைத் தவிர வேற எங்கேயும் அவன் பேரு இல்லை."