காற்றின் மேல் போட்ட பழி

இன்று பகல் மூன்று மணி. வளைகுடா வெயிலில் சிக்னல் மீட்டரின் எண்கள் நிலைகொள்ளாமல் ஆடின. கோபுரத்தின் மேலிருந்து நீ திட்டுவது காதில் விழுந்தது போலிருந்தது. மீட்டரைக் கீழே வைத்துவிட்டேன்.

செல்போன் கம்பெனிகள் முட்டி மோதிக்கொண்டு வந்த காலம் அது. ரேணிகுண்டாவில் ஒரு செல்போன் கோபுரம், திருப்பதியில் இன்னொன்று, நடுவே கம்பியில்லாமல் பேச்சைக் கடத்தும் மில்லிமீட்டர் அலை. பாலசமுத்திரத்துக்காரன் நீ மேலே ஏறி டிஷ் ஆன்டெனாவைத் திருப்புவாய். நகரிக்காரன் நான் கீழே மீட்டரைப் பார்த்து எண்களைச் சொல்வேன். நான் இன்சார்ஜ் என்பதால் அதட்டலும் என்னுடையதுதான்.

அன்று சித்திரை வெயில். சிக்னல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. நீ இறங்கி வந்தாய்.

"டிஷ்ஷு நேராத்தான் கீது. காத்துதான் கொதிக்குது. அடுப்புக்கு அந்தாண்ட நிக்கிறவன் மூஞ்சி நெளியல? அப்டி. வெடிகாலைல பாத்துக்கலாம்."

நீ சொன்னது சரி. தரைச் சூட்டில் காற்று சுழன்று, சூடும் ஈரமும் திட்டுத்திட்டாகக் கலக்கும்போது, அத்தனை சின்ன அலை வழியிலேயே வளைந்து சிதறும், கூடியும் குறைந்தும் வந்து சேரும். அந்த நேரத்தில் டிஷ்ஷைத் திருப்புவது வீண் வேலை. எனக்கும் தெரியும். ஆனால் சாயங்காலத்துக்குள் முடி என்று ஆபீசில் கத்தியிருந்தார்கள்.

"காத்து மேல பழி போடாத. பயந்துக்கினு இறங்கி வந்துட்டு பேச்சப் பாரு. ஏறுடா மேல."

நீ என் சட்டையைப் பிடித்தாய். நான் ஓங்கி அறைந்தேன். உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டி ஏறினாய்.

டிஷ்ஷைத் திருப்ப அதன் நான்கு போல்ட்டையும் தளர்த்தியிருந்தாய். மேகம் கறுத்ததை நான் பார்த்தேன். பார்த்தும், "இன்னும் கொஞ்சம் எடப்பக்கம்" என்றேன். புழுதிக்காற்று ஒரே அடியாக அடித்தது. தளர்ந்த டிஷ் சுழன்று உன் தலையில் மோதியது. மறுபடியும் மோதியது. நீ பெல்ட்டில் தொங்கினாய். உன் ரத்தம் கம்பி வழியாக இறங்கி வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் உன்னைப் பெத்த நைனா கேட்டார்: "அந்த நேரத்துல அவன ஏறச் சொன்னது யாருப்பா?"

"யாரும் சொல்லல. அவனாத்தான் ஏறினான். காத்து அடிச்சிடுச்சு."

சிக்னல் ஆடியதற்கு நீ காற்றைக் காரணம் சொன்னபோது உன்னை அறைந்த நான், உன் சாவுக்கு அதே காற்றைக் காட்டினேன்.

"காத்த இன்னா பண்றதுப்பா" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உன்னை அறைந்த கை. இன்றும் அந்தக் கையால் சோற்றைப் பிசையும்போது எனக்குக் கூசுகிறது.

போன மாதம் அவரும் போய்விட்டாராம். கடைசிவரை காற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தாராம். இனி இதைச் சொல்ல நீ ஒருவன்தான் எனக்கு மிச்சம். ஏறச் சொன்னவன் நான்டா.